தோழர் பரஞ்சோதி முதலாளி ஆன கதை

மலேசியாவில், கெடா பக்கம் எங்கள் லூனாஸில் வந்து கம்யூனிஸ்ட் கடை எங்கே என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கை காட்டிவிடும். பெயர்ப் பலகையில் அப்படி எழுதியிருக்காது. பலகையில் மலாயில் 'ரெஸ்தோரான் பெக்கெர்ஜா' என்றும் தமிழில் 'உழைப்பாளர் உணவகம்' என்றும் இருக்கும். அந்தப் பெயர் யார் வாயிலும் வராது. கடைக்கு நேர் எதிரே என் தையல் கடை. என் பெயர் உமாராணி. மிஷினிலிருந்து தலையைத் தூக்கினால் எனக்குத் தெரிவது ஒரு கல்லாப்பெட்டியும், அதன் பின்னால் மெத்தை போட்ட நாற்காலியில் பரஞ்சோதி அண்ணனும்தான். அழகான காட்சி என்று சொல்ல மாட்டேன். ஆனால் பொழுது போகும்.

கடை திறந்தபோது சுவர் முழுக்கச் சிவப்புச் சாயம் அடித்தார். பக்கத்து இரும்புக்கடைச் சீன அம்மா வந்து பார்த்துவிட்டு, இந்த வருஷம் சீனப் புத்தாண்டுப் பெருநாளை இவ்வளவு சீக்கிரமே கொண்டாடப் போகிறாயா என்று சந்தோஷமாகக் கேட்டுவிட்டுப் போனார். அண்ணனுக்கு இரண்டு நாள் மனசு சரியில்லை.

இந்த நாட்டில் 'கம்யூனிஸ்ட்' என்ற சொல்லைப் பெரியவர்கள் இன்றைக்கும் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். அந்தக் காலத்தில் ஆட்சியை எதிர்த்துக் காட்டுக்குள் துப்பாக்கியோடு இருந்தவர்கள் நினைவுக்கு வருவார்கள். பரஞ்சோதி அண்ணனுக்குக் காடும் தெரியாது, துப்பாக்கியும் தெரியாது; கொசு அடிக்கிற மட்டைதான் தெரியும். ஆனால் வர்க்கம் என்ற ஒன்றைப் பற்றி அவரிடம் ஆரம்பித்தால் கையிலிருக்கும் தே தாரிக் டீ ஆறிப்போகும். உலகத்தில் இரண்டே சாதிதான், வேலை செய்கிறவன், வேலை வாங்குகிறவன் என்பார். ஒரு நாள் இரண்டு போலீஸ்காரர்கள் ரொட்டி சானாய் சாப்பிட வந்தவர்கள், சுவர் ஏன் இத்தனை சிவப்பு என்று கேட்டார்கள். நான் ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கவனித்தேன். உலகத் தொழிலாளர்களே என்று தொடங்கப் போகிறார் என்று நினைத்தேன். அண்ணன் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

"மான்செஸ்டர் யுனைடெட் லா, என்சிக்!"

மலாயில் ஐயா போட்டு அவர் அப்படிச் சொன்ன பிறகு மூன்று பேரும் ஒரு மணி நேரம் பந்து விளையாட்டைப் பற்றிப் பேசினார்கள்.

அவரைக் கிண்டல் செய்கிறேனே தவிர, அவர் சும்மா வாய்ச்சொல் வீரர் இல்லை. கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு தொழிற்சாலையில் இருபது வருஷத்துக்கு மேல் உழைத்தவர். அங்கே கம்ப்யூட்டர் சில்லுகள் செய்யும் அறைக்குள் போகிறவர்கள் எல்லோரும் தலை முதல் கால் வரை வெள்ளை அங்கி போட வேண்டும். கண் மட்டும்தான் வெளியே தெரியும். வர்க்கமில்லாச் சமுதாயம் எப்படி இருக்கும் என்று அந்த அறையில்தான் தெரிந்துகொண்டதாகச் சொல்வார். ஒரு நாள் சும்மா நின்றுகொண்டிருந்த ஒருவரைப் பார்த்து, "பார்த்துக்கிட்டு நிக்கிற நேரத்துல அந்தத் தட்டைத் தூக்கிட்டு வா லா" என்றிருக்கிறார். அந்த ஆளும் பேசாமல் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்துவிட்டார். வெளியே வந்து அங்கியைக் கழற்றினால், தொழிற்சாலைக்கே பெரிய மானேஜர். "அந்தத் தட்டு அங்கிருந்து இங்க வர்ற வரைக்கும் கெடாவுல புரட்சி நடந்துச்சு உமா" என்பார்.

அதே தொழிற்சாலையில் பரிசோதனைப் பிரிவுப் பெண்கள் பொழுதெல்லாம் நின்றபடியே வேலை செய்தார்கள். அவர்களுக்கு உட்கார முக்காலி வேண்டும் என்று கேட்டுக் கேட்டுப் பார்த்து, கடைசியில் ஒரு நாள் எல்லோரையும் கேண்டீன் தரையில் உட்கார வைத்துவிட்டார். மதியம் உட்கார்ந்தவர்கள் சாயங்காலம்தான் எழுந்தார்கள். முக்காலி வந்தது. இன்றைக்கும் அந்தப் பெண்களில் யாராவது அவரைப் பாசார் சந்தையில் கண்டால், அண்ணே என்று ஓடி வந்து கையைப் பிடித்துக்கொள்வார்கள்.

பிறகு தொழிற்சாலையில் ஆட்குறைப்பு வந்தது. அண்ணன் வீட்டுக்கு வந்தார். அவர் மனைவி நளினி அண்ணியின் கைமணம் லூனாஸ் முழுக்கத் தெரிந்தது. என் கடைக்கு எதிரே சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவர் ஜொகூரில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போகவே, இடமும் அமைந்தது. இப்படியாக, வேலை வாங்குகிறவன் ஒழிக என்று சொல்லி வளர்ந்த மனிதர் ஒரு நல்ல நாள் பார்த்து முதலாளி ஆனார்.

முதலாளி என்று கூப்பிடக் கூடாது என்பதுதான் கடையின் முதல் சட்டம். எல்லோரும் தோழர். ரொட்டி போடும் திவாகரன் இளைஞன், விவரமானவன். அவன் 'தோழர் பாஸ்' என்று கூப்பிட்டுப் பார்த்து ஒரு வாரம் திட்டு வாங்கினான். சமையலுக்குச் செல்லாயி அக்கா. கோலா கெத்தில் ஊர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் சீவி, பிறகு செம்பனைக் காட்டில் உரம் போட்டு, அறுபதைத் தாண்டி இந்தக் கடைக்கு வந்தவர். உள்ளே செல்லாயி அக்கா, வெளியே திவாகரன், இரண்டிலும் நளினி அண்ணி. சம்பளத்தில் அண்ணன் ஒரு குறை வைக்கமாட்டார். இபிஎஃப், சொக்சோ என்று சேமநிதி, காப்புறுதிப் பணமெல்லாம் சொன்ன தேதியில் கட்டிவிடுவார். தீபாவளிக்கு மற்ற கடைகளை விட அதிகமாகவே கொடுப்பார். அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

ஆனால் அந்தக் கடையில் வேலை செய்கிறவர்கள் உட்கார ஓர் இடம் கிடையாது.

இதை அண்ணன் வேண்டுமென்று செய்யவில்லை. மேசைகள் வாடிக்கையாளருக்கு. கல்லா நாற்காலி அவருக்கு. பின்கட்டில் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் போக ஒருவர் திரும்பத்தான் இடம். சாயங்காலம் கூட்டம் கொஞ்சம் ஓய்ந்ததும் மூன்று பேரும் தொட்டி ஓரமாக நின்றுகொண்டு, தட்டைக் கையில் பிடித்தபடி இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொள்வார்கள். தோட்டத்தில் திருவிழாச் சாப்பாடு என்றால் துரைக்கும் கணக்கெழுதும் கிராணிக்கும் நாற்காலி, மற்றவர்களுக்குத் தரை, பரிமாறுகிறவர்களுக்குக் கடைசியில் மிஞ்சியது. அந்தப் பழக்கம் யாரும் கூட்டி வராமலே தோட்டத்து லயத்து வீடுகளிலிருந்து கடைக்குள் வந்துவிட்டது. அண்ணன் அதற்கு முன்பே, மதியமே, முன்மேசையில் இலை போட்டு உட்கார்ந்து, யாராவது வாடிக்கையாளருக்கு வர்க்கத்தை விளக்கிக்கொண்டே சாப்பிட்டிருப்பார்.

விளக்கத்தில் தவறாமல் ஒரு கதை வரும். அவருடைய அப்பாவின் கதை. கோலா கெத்தில் தோட்டத்தில் அப்பாவுக்குக் காய்ச்சல். லீவு கேட்க ஆபீசுக்குப் போயிருக்கிறார். கிராணி உள்ளே கணக்கு எழுதிக்கொண்டே இருந்தாராம். நிற்க முடியாமல் அப்பா ஆபீஸ் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். கிராணி தலையைத் தூக்கி, "வேலை நேரத்துல உனக்கென்ன உட்கார்ற சோலி?" என்று கத்தினாராம். அப்பா எழுந்து நின்றார். வாசலில் காத்திருந்த சின்னப் பையன் பரஞ்சோதி அதைப் பார்த்தான். அந்த இடம் வரும்போது அண்ணனின் குரல் உடையும். கேட்பவரும் சோற்றைப் பிசைவதை நிறுத்துவார், முதல் தடவை என்றால். நாங்கள் எல்லாம் எத்தனை தடவை கேட்டிருப்போம் என்று கணக்கில்லை. கிராணியின் வசனம் வந்ததும் கதிரவேலு ஐயா கூடவே சேர்ந்து சொல்வார்.

கதிரவேலு ஐயா யாழ்ப்பாணத்துக் குடும்பம். அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். தினமும் மதியம் சாப்பாடு இங்கேதான். அவருடைய அப்பாவும் வேறொரு தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். "ஐயா கிராணி வர்க்கம்" என்று அண்ணன் அறிமுகம் செய்து வைப்பார். "ஓமோம், நாங்கள் சுரண்டித்தான் இண்டைக்கு உன்ர கடையில சோறு தின்னுறம்" என்று ஐயாவும் சளைக்காமல் சொல்வார்.

சென்ற ஏப்ரலில் செல்லாயி அக்கா ரவிக்கை அளவு கொடுக்க என் கடைக்கு வந்தார். வந்ததும் முக்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. சேலையைக் கொஞ்சம் தூக்கிக் காலைக் காட்டினார். முழங்காலுக்குக் கீழே வீங்கி மினுமினுவென்று இருந்தது.

"மே மாசத்தோட நின்னுக்கலாம்னு இருக்கேன் உமா. சுங்கைப் பட்டாணியில மக கூப்பிட்டுக்கிட்டே இருக்கா."

"போறதுக்கு உங்களுக்கு மனசு இருக்கா அக்கா?"

"எங்க இருக்கு? அவ வீட்டுல போயி டிவி பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தா நான் ஆறு மாசத்துல போயிடுவேன். அடுப்புக்கிட்ட நின்னாத்தான் எனக்கு உசுரு. ஆனா காலு நிக்க மாட்டேங்குதே."

அவர் போனால் கடையில் சாம்பார் இருக்காது. சாம்பார் போனால் கூட்டம் இருக்காது. அதைவிட, அடுப்பு இல்லாமல் அக்கா இருக்கமாட்டார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. அண்ணனிடம் சொல்லவில்லையா என்று கேட்டேன்.

"சொல்லாம இருப்பேனா? காலு வலிக்குது தோழர்னு சொன்னேன். அதுக்குக் காரணம் முதலாளித்துவம்தான் அக்கா அப்படின்னு ஆரம்பிச்சாரு. அரை மணி நேரம் பேசினாரு. நல்லாத்தான் பேசினாரு. நான் நின்னுக்கிட்டே கேட்டேன்."

சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டாம் முறை சொன்னபோது உலக வங்கியைப் பற்றிச் சொன்னாராம். மூன்றாம் முறை மருந்தெண்ணெய் வாங்கிக் கொடுத்து, கூடவே மருந்துக் கம்பெனிகளைப் பற்றியும் சொன்னாராம்.

"இன்னும் ஒரு வழி இருக்கு" என்றார் அக்கா, அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டே. "எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்துட்டா எந்த முதலாளியும் ஒண்ணும் பண்ண முடியாதுன்னு தோழர்தானே சொல்லுவாரு."

மே முதல் தேதி நாட்டுக்கே விடுமுறை. பரஞ்சோதி அண்ணனுக்கு அது தீபாவளியை விடப் பெரிய நாள். உழைப்பவர்களுக்காக வாழை இலையில் சிறப்புச் சாப்பாடு, வருகிறவர்களுக்கெல்லாம் பாயசம். லீவு என்பதால் கூலிமிலிருந்தும் கோலா கெத்திலிலிருந்தும் கார் போட்டுக்கொண்டு குடும்பம் குடும்பமாக வருவார்கள். அதாவது, ஊரே ஓய்வெடுக்கும் அந்த நாளில்தான் அண்ணனின் கடை ஆட்கள் இரண்டு மடங்கு வேலை செய்வார்கள். போன மே தினத்துக்கு மூன்று பேருக்கும் சிவப்பு ஏப்ரன் தைக்கச் சொல்லியிருந்தார். தைத்துக் கொடுத்தேன்.

அன்று மதியம் கடையில் ஈ நுழைய இடமில்லை. வாசலில் ஒரு வரிசை. நானும் மிஷினை மூடிவிட்டுப் போய்க் கதிரவேலு ஐயாவுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டேன். எனக்கு விஷயம் தெரியும், அதனால் சோறு இறங்கவில்லை.

அண்ணன் மைக்கைப் பிடித்தார். "தோழர்களே! இது நம்ம நாள். உழைக்கிறவன் காலை நீட்டி உட்கார்ற நாள்!"

அவருக்குப் பின்னால் திவாகரன் இரண்டு கையிலும் சாம்பார் வாளியோடு ஓடிக்கொண்டிருந்தான். அந்த வார்த்தை காதில் விழுந்ததும் நின்றான். வாளிகளைக் கீழே வைத்தான். ஏப்ரனைக் கழற்றி மடித்தான். மின்விசிறிக்கு நேர் கீழே இருந்த மேசையில் ஒரு குடும்பம் அப்போதுதான் எழுந்திருந்தது. அங்கே போய் உட்கார்ந்தான். பின்கட்டிலிருந்து செல்லாயி அக்கா மெதுவாக நடந்து வந்து அவனுக்குப் பக்கத்தில் அமர்ந்து, காலை நீட்டிக்கொண்டார்.

"தோழர், இங்க ரெண்டு இலை."

அண்ணன் முதலில் சிரித்தார். விளையாட்டு என்று நினைத்தார் போல. அக்கா சிரிக்கவில்லை. வாசலில் நின்றவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். ஒரு மேசையிலிருந்து ரசம் கேட்டார்கள், இன்னொரு மேசையிலிருந்து அப்பளம். அண்ணனின் கழுத்து சிவந்துகொண்டே வந்தது. மைக் இன்னும் கையில்தான் இருந்தது, அவருக்கு ஞாபகம் இல்லை.

"என்னா இது? வேலை நேரத்துல உனக்கென்ன உட்கார்ற சோலி?"

ஸ்பீக்கரில் அது கடை முழுக்கக் கேட்டது. ரசம் கேட்டவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு கதிரவேலு ஐயா மேசையைத் தட்டிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.

"ஐயோ பரஞ்சோதி, உது எங்கட ஆக்களின்ர வசனமல்லோ!"

அவ்வளவுதான், கடையே வெடித்துச் சிரித்தது. அந்தக் கதை தெரியாதவர் யார் அங்கே? பரிசோதனைப் பிரிவில் முக்காலி வாங்கிய பெண்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள், அவர்கள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. அவர் முகத்தில் ஈயாடவில்லை. அந்தப் படிக்கட்டு அவர் கண் முன்னால் வந்திருக்கும். அப்போது அவர் வாசலில் நின்ற பையன். இப்போது உள்ளே நாற்காலியில் இருப்பவர். அதை அவரே தன் வாயால் சொல்லிவிட்டார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"காலு வலிக்குது தோழர்" என்றார் செல்லாயி அக்கா. குரலில் கோபமே இல்லை. "மூணு தடவை சொல்லிட்டேன்."

அண்ணன் பழக்க தோஷத்தில் வாயைத் திறந்தார். "அதுக்குக் காரணம்..." என்று தொடங்கி, நின்றுவிட்டார்.

"சொல்லு, ஆர் காரணம்?" என்றார் கதிரவேலு ஐயா.

"நான்தான் லா" என்றார் அண்ணன்.

மைக்கை வைத்துவிட்டு இலைக்கட்டை எடுத்தார். இரண்டு இலை உருவி மேசையில் விரித்துத் தண்ணீர் தெளித்தார். அதோடு முடிந்தது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். அப்போது பின்கட்டிலிருந்து நளினி அண்ணி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மூணு இலை."

"நீயுமா? நீ பங்காளி லா இந்தக் கடைக்கு!" என்றார் அண்ணன், நிஜமாகவே திகைத்துப்போய்.

"பங்காளின்னா நான் எங்க உட்கார்ந்தேன், சொல்லுங்க பார்ப்போம். கல்யாணம் கட்டின நாள்ல இருந்து நீங்க சாப்பிட்டு எந்திரிச்ச பிறகுதான் நான் தட்டை எடுத்திருக்கேன். வீட்டுலயும் அப்படித்தான், இங்கயும் அப்படித்தான். இன்னைக்கு ஒரு நாளு நீங்க போடுங்க, நான் சாப்பிடுறேன்."

யாரும் சிரிக்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்க ஒன்றுமில்லை. இரண்டே சாதி என்று உலகத்தைப் பிரித்து வைத்திருந்த மனிதர், தன் வீட்டுப் பெண் எந்தப் பக்கம் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. அண்ணன் இலைக்கட்டை மறுபடி எடுத்துப் புரட்டினார். பிறகு மூன்றாவது இலையைப் போட்டார். இருப்பதிலேயே பெரிய இலையாகப் பார்த்து எடுத்ததை நான் கவனித்தேன்.

பரிமாறுவது அவருக்குச் சுத்தமாக வரவில்லை. ரசத்தை முதலில் ஊற்றினார், அது இலையிலிருந்து ஓடித் திவாகரனின் கால்சட்டையில் விழுந்தது. பாயசத்தில் அப்பளத்தைப் போட்டார். வரிசையில் நின்ற மலாய்ப் பையன்கள், "செல்ஃப் சர்விஸ்! செல்ஃப் சர்விஸ்!" என்று கத்திக்கொண்டு தாங்களே இலையை எடுத்துக்கொண்டார்கள். முக்காலிப் பெண்கள் சேலையைச் செருகிக்கொண்டு சோற்றுப் பானைப் பக்கம் போனார்கள். நான் மோர்க் குழம்பு. கதிரவேலு ஐயா எழுந்து கல்லாவில் உட்கார்ந்துகொண்டு, பரம்பரைத் தொழில் என்று சொல்லிச் சில்லறை கொடுத்தார். மின்விசிறிக்குக் கீழே மூன்று பேர் மட்டும் அவசரமே இல்லாமல் சாப்பிட்டார்கள். செல்லாயி அக்கா இரண்டாம் முறை சோறு கேட்டார். சாம்பார் நன்றாக இருக்கிறது, யார் வைத்தது என்று விசாரித்தார்.

மறுநாள் வாசல் மேசை ஒன்று பின்கட்டுக் கதவோரம் நகர்ந்தது. அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு உயரமான முக்காலி வந்தது. மதியக் கூட்டம் கலைந்ததும் ஷட்டர் அரைக் கதவாக இறங்கும், அதில் 'ரேஹாட்' என்று பலகை தொங்கும். மலாயில் ஓய்வு என்று அர்த்தம். சுங்கைப் பட்டாணி மகளிடம், நீ வேண்டுமானால் லீவுக்கு இங்கே வந்து போ என்று அக்கா போனில் சொன்னதை நானே கேட்டேன்.

ஆனால் முதல் நாளே தன் இலையோடு அந்த மேசைக்கு வந்த அண்ணனைத் திவாகரன் தடுத்துவிட்டான். "தோழர், இது தொழிலாளர் மேசை. முதலாளிக்கு இடம் அங்க." அண்ணன் வாதாடினார். தானும் உழைப்பாளிதான், காலையிலிருந்து கல்லாவில் உட்கார்ந்திருப்பது என்ன சும்மாவா என்றார். உட்கார்ந்திருப்பது என்று அவரே சொன்னதால் கட்சி தோற்றுப்போனது. வாக்கெடுப்பு நடந்தது. இரண்டு பேர் எதிர்ப்பு. நளினி அண்ணி நடுநிலை. வாரக் கணக்கில் அந்த மனிதர் கல்லாவில் தனியாக இலை போட்டுச் சாப்பிட்டார். மெத்தை நாற்காலி அவருக்கு முள்ளாகக் குத்தியிருக்கும். யாருக்கும் விளக்கம் சொல்லவும் இல்லை. அந்த வாரங்களில் கடை அவ்வளவு அமைதியாக இருந்தது. எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

கடைசியில் மேசையில் சேர என்ன செய்ய வேண்டும் என்று அவரே இறங்கி வந்து கேட்டார். பாத்திரம் கழுவ வேண்டும் என்றார் செல்லாயி அக்கா. ஒரு நாள் இல்லை, தினமும்.

கழுவினார். கழுவுகிறார். ஆரம்பத்தில் சாம்பார் அண்டாவின் அடியில் ஒட்டியது அப்படியே இருக்கும். அக்கா திருப்பிக் கொடுத்துவிடுவார். முதல் நாள் கழுவி முடித்து, சட்டையெல்லாம் ஈரமாக, மேசைக்கு வந்து தயங்கி நின்றார். நளினி அண்ணி காலாலேயே ஒரு நாற்காலியைத் தள்ளிவிட்டு அவருக்கு இலை போட்டார். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சோறு விழுந்தது. அண்ணன் அண்ணிக்குக் கூட்டு வைத்தார், கொஞ்சம் சிந்தியது.

இரண்டு வாய்தான் சாப்பிட்டிருப்பார். யாரோ அரைக் கதவைத் தட்டி, சாப்பாடு இருக்கா என்று சத்தம் போட்டார்கள். வாடிக்கையாளர் குரல் கேட்டதும் அண்ணன் எச்சில் கையோடு பாதி எழுந்துவிட்டார்.

செல்லாயி அக்கா அவர் தோளைப் பிடித்து அழுத்தினார்.

"சாப்பிடுற நேரத்துல உனக்கென்ன எந்திரிக்கிற சோலி?"

அண்ணன் உட்கார்ந்தார்.